முதலாம் வாரத்து வைத்தியர்

நெல்லியடியில் நான் வாடகைக்கு இருந்த ஒழுங்கையில் இரும்புச்சத்துக் குளிசையை யாரும் பால்விடாத பிளேன்ரீயோடு விழுங்குவதில்லை. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் விடிய எழும்பிப் பச்சைத்தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் போகாமல் இருப்பார்கள். எதைப் பாலோடு எடுக்கக்கூடாது, எதைச் சோற்றுக்குப் பிறகு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் அத்துப்படி. எந்தச் சுகாதாரப் பிரசாரமும் சாதிக்காத இந்த ஒழுக்கத்தை ஏற்படுத்தியவர், என் வீட்டுக்கு எதிர்ப்படலையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் இணையவழியில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஒழுங்கைக்குப் போன நாளிலும் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கற்கைநெறியிலும் முதலாம் வாரத்தைத் தாண்டியதில்லை.

நெல்லியடி அடங்கிய வடமராட்சியில் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஆண்களில், மருத்துவபீடத்தை மயிரிழையில் தவறவிடாதவர்களைக் காண்பது அரிது. அவருக்கும் அப்படி ஒரு மயிரிழை இருந்தது.

“இரசாயனவியல் சோதினை அண்டைக்குக் காய்ச்சல் மட்டும் வராட்டில் தம்பி, நான் இப்ப கொழும்பிலை இருதய ஸ்பெஷலிஸ்ட்” என்றார் என்னிடம், அறிமுகமான முதல் நாளே.

உள்ளே இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “காய்ச்சல் சோதினைக்கு முதல் வந்ததோ, பேப்பரைப் பாத்தாப் பிறகு வந்ததோ எண்டு கேளுங்கோ தம்பி.”

“இஞ்சரும், நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

அக்கா என்று நான் அழைத்த அந்த அம்மாவைப்பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கணவருடைய படிப்பினால் உண்மையில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர் அந்த ஒழுங்கையில் அவர் ஒருவர்தான். அக்காவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். காலைச் சாப்பாட்டோடு ஒரு குளிசை. அண்மையில் சிறுநீரகமும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது. அதோடு, மகன் வெளிநாட்டுக்குப் போய் வழியில் எங்கேயோ தகவல் இல்லாமல் போன அந்த வருடத்தில் தொடங்கிய கந்தசஷ்டி விரதம் ஒன்றும் இருந்தது. மகன் பத்திரமாகக் கனடா போய்ச் சேர்ந்து, வீடு வாங்கி, வண்டி வயிறும் வைத்துவிட்டான். அக்கா மட்டும் விரதத்தை விடவில்லை. ஆறு நாளும் பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் ஒரு பால்பழம். விரதம் இருக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். “அவையளுக்கு என்ன தெரியும்” என்பது அக்காவின் பதில். வீட்டிலேயே ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது கிளினிக்கை ஏன் கேட்க வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

படித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதைவிடத் தெரிவுசெய்துகொண்டிருந்தார் என்பதே சரியான செய்தி. காலையில் பேப்பர் பார்த்து முடிந்ததும், மகன் அனுப்பிய டப் என்ற கைக்கணினியை முன் விறாந்தை மேசையில் நிமிர்த்தி வைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு, உலகத்தின் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக அவர் முன் வந்து நிற்கும். மருந்தியல், உடற்றொழிலியல், நோயியல், மருத்துவ விஞ்ஞான அறிமுகம். அவர் அவற்றைப் பார்த்த விதத்தை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மகனுக்குச் சம்பந்தம் வந்தால் தகப்பன்மார் அப்படித்தான் பார்ப்பார்கள்.

முதலில் நாடு. லண்டன் என்றால் நிமிர்ந்து இருப்பார். அவுஸ்திரேலியா பரவாயில்லை. அமெரிக்கப் பேராசிரியர்கள் கனக்கச் சிரிக்கிறார்கள் என்று ஒரு குறை. இந்தியக் கற்கைநெறி ஒன்றை நான் காட்டியபோது, “உதை லட்சக்கணக்கான சனம் படிக்குது தம்பி. எல்லாரும் படிக்கிறது ஒரு படிப்பே?” என்று தள்ளிவிட்டார். அடுத்தது ஆள். பேராசிரியருக்குப் பின்னால் புத்தக அலுமாரி இருக்க வேண்டும். மருந்தியலில் மிக நல்ல பெயர் எடுத்த ஒரு கற்கைநெறியை, அதை நடத்தியவர் கொலர் இல்லாத ரீசேர்ட்டோடு வந்தார் என்பதற்காக நிராகரித்தார். அதற்குப் பிறகு இடம் விசாரிப்பு. லண்டனில் உண்மையாகவே வைத்தியராக இருக்கும் தமையன் மகனுக்குப் போன் எடுப்பார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார். அதனால் அந்த உரையாடல்கள் எனக்கும் மனப்பாடம்.

“தம்பி, உந்த ஸ்கொட்லாந்து யூனிவர்சிற்றி எப்பிடி இடம்?”

“நல்ல இடம் சித்தப்பா.”

“ஆக்கள்?”

“ஆக்கள் எண்டால்?”

“எங்கடை ஆக்கள் ஆரும் படிச்சிருக்கினமோ எண்டு கேக்கிறன்.”

“இருப்பினம் சித்தப்பா. நான் டியூட்டியிலை நிக்கிறன். ஒண்டு கேக்கட்டே, உங்களுக்கு ஏன் மருந்தியல்?”

“அறிவுக்கு” என்பார் அவர், கொஞ்சம் புண்பட்டு.

அறிவுக்கு மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் மரண அறிவித்தல்களைப் பிழை பார்த்து ஒப்புநோக்கியவன். அதை அவர் எப்படியோ அறிந்துவைத்திருந்தார். ஒருநாள் படலைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, அறிவித்தலிலை பேருக்குக் கீழை அடைப்புக்குறிக்குள்ளை போடுவினம் எல்லே. ஓய்வுபெற்ற தபாலதிபர் எண்டு. அதுக்குப் பக்கத்திலை மருந்தியல் சான்றிதழ், லண்டன் எண்டு போட ஏலுமே?”

“படிச்சு முடிச்சால் போடலாம் அண்ணை.”

“தொடங்கினால்?”

தொடங்கியவர்களுக்கு எங்கள் பத்திரிகையில் வழக்கம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வேறு பத்திரிகைகளும் இருக்கின்றன என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

ஏன் எதையும் முடிக்கவில்லை என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இந்தக் கற்கைநெறிகள் முதல் ஏழு நாளைக்கு இலவசம். பெயரைப் பதிந்தால்தான் பாடங்களின் பட்டியலை முழுமையாகப் பார்க்கலாம். பதிந்த நிமிடத்தில் இருந்து ஏழு நாள் ஓடத் தொடங்கும். அவர் பதிவார், பட்டியலைப் பார்ப்பார், திருப்தி அடைவார். பிறகு முதலாம் பாடத்தைத் திறப்பதற்கு நல்ல நாள் பார்ப்பார்.

அட்டமியில் படிப்புத் தொடங்கக்கூடாது. நவமியும் கூடாது. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒத்துவராது. வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் இருந்தன. ஒன்று ஓம் என்ற நாளை மற்றது பெரும்பாலும் இல்லை என்றது. இரண்டும் உடன்பட்டு ஒரு சுபவேளை அமையும்போது மின்சார சபை கரண்டை நிறுத்தியிருக்கும். இப்படியாக, ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த ஏழு நாளில் நாலைந்து நாளை யாழ்ப்பாணத்து வானம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய நாளில் முதலாம் வாரத்துப் பாடங்களைக் குறிப்பெடுத்து முடிப்பார். எட்டாம் நாள் திரையில் பூட்டு விழும், பணம் கேட்கும்.

“காசுக்குப் படிப்பு வாங்கிறதோ? நாங்கள் இலவசக் கல்வியிலை படிச்ச ஆக்கள் தம்பி. பள்ளிக்கூடத்திலை இருந்து ஒரு சதம் குடுக்காமல் வந்தனான். இனிப்போய் உந்தப் பழக்கத்தைக் கெடுக்க மாட்டன்.”

அடுத்த நாள் வேறொரு பல்கலைக்கழகம் வந்து நிற்கும்.

மருந்தியலில் எல்லாக் கற்கைநெறிகளுக்கும் முதலாம் வாரம் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்து உடம்புக்குள் எப்படிப் போகிறது. வயிற்றில் எப்படிக் கரைகிறது, குடலில் எப்படி உறிஞ்சப்படுகிறது, எந்த உணவு அதை மறிக்கிறது. இதை அவர் லண்டன்காரரிடமும் ஸ்கொட்லாந்துக்காரரிடமும் அவுஸ்திரேலியக்காரரிடமும் திரும்பத் திரும்பக் கற்றிருந்தார். ஒழுங்கையில் அவர் சொன்னது ஒன்றும் பிழையில்லை. ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்குக்கூட மருந்தின் நுழைவைப்பற்றி அவ்வளவு கேட்கக் கிடைத்திருக்காது. போன மருந்து உள்ளே என்ன செய்கிறது என்பது இரண்டாம் மூன்றாம் வாரங்கள். அது எப்போது, எந்த வழியால் வெளியே போகிறது என்பது நாலாம் வாரம். அவையெல்லாம் பூட்டுக்குப் பின்னால் இருந்தன.

ஆனால் கேட்பவர்களுக்கு அந்த எல்லை தெரியாது. அவருக்கும் தெரிந்ததாக நான் நினைக்கவில்லை. பின்னேரங்களில் படலையில் ஆட்கள் நிற்பார்கள். சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒருவர், “அண்ணை, உந்தச் சிவப்புக் குளிசை எப்பிடி?” என்பார். இவர் ஒரு நொடியும் தாமதிக்காமல், “சாப்பாட்டுக்குப் பிறகு. பால் வேண்டாம்” என்பார். கேட்டவர் காலை ஊன்றி மிதித்துக்கொண்டு போய்விடுவார். அந்த வேகத்தை ஒழுங்கை மெச்சியது. “ஆஸ்பத்திரியிலை ஒரு கேள்வி கேட்டால் அவையள் எங்களை ஒன்பது கேள்வி கேப்பினம். இவர் டக்கெண்டு சொல்லுவார்” என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். டொக்டர் அண்ணை என்ற பெயர் முதலில் பகிடியாகத்தான் வந்தது. பிறகு அதில் இருந்து பகிடி மட்டும் கழன்று போனது.

அந்த வருடம் சஷ்டிக்கு முதல்நாள் அக்கா விறாந்தைக்கு வந்து கேட்டபோது நான் அங்கே இருந்தேன்.

“இஞ்சருங்கோ, நாளைக்கு விரதம் தொடங்குது. சீனிக் குளிசையைப் போடுறதோ விடுறதோ?”

“கிளினிக்கிலை என்ன சொன்னவை அக்கா?” என்றேன் நான்.

“விரதத்தை விடச் சொன்னவை. அது நடக்கிற காரியமில்லை. குளிசையைத்தான் கேக்கிறன்.”

அவர் டப்பை மடக்கிவைத்தார். கேள்வி அவருடைய பகுதிக்குள் வந்திருந்தது. வெறும் வயிறு என்றால் மறிப்பதற்கு உணவு இல்லை. மருந்து நேரே உள்ளே போகும். மூன்று நாட்டுப் பேராசிரியர்களும் அதில் ஒன்றுபட்டிருந்தார்கள்.

“குளிசையை விடக்கூடாது. விடியப்புறம் பச்சைத்தண்ணியோடை போடும். சாப்பாடு இல்லாதபடியால் இன்னும் வடிவா வேலை செய்யும்.”

வடிவாகத்தான் வேலை செய்தது. நாலாம் நாள் காலை, கோயிலுக்குப் பூ ஆய்ந்துகொண்டு நின்ற அக்கா செவ்வரத்தைக்குக் கீழே நிலத்தில் அப்படியே குந்தி இருந்துவிட்டார். கணவர் என்னைக் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் தபாலதிபரும் இல்லை, டொக்டர் அண்ணையும் இல்லை. நான் போனபோது அக்காவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. யாரோ ஒரு ஆச்சியின் பெயரைச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் முழங்காலில் நின்று டப்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வரும். அதை வாசிக்காமல் இன்னொன்றுக்குப் போவார். எது நம்பகமான இடம் என்று அந்த நேரத்திலும் தெரிவுசெய்துகொண்டிருந்தார்.

நான் அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சீனி வருத்தக்காரரோ என்று. ஓம் என்றதும், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவர் டப்பை மண்ணில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தார். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“வேண்டாம். விரதம்.”

“குடியும்.”

“இன்னும் ரெண்டு நாள்தான். அவன்ரை பேரிலை பிடிக்கிறது. முறிக்க மாட்டன்.”

எதையும் எடுத்தோம் முடித்தோம் என்று செய்து நான் காணாத மனிதர் அவர். ஒரு கோப்பையை அலுமாரியில் இருந்து எடுப்பதற்கே இரண்டு கோப்பைகளை ஒப்பிடுவார். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. மனைவியின் நாடியை ஒரு கையால் ஏந்தி முகத்தை நிமிர்த்தினார்.

“முறிக்கிறது நீர் இல்லை, நான். முருகன் கேட்டால் என்னைக் கேக்கட்டும். வாயைத் திறவும்.”

அக்கா திறந்தார். பாதி சட்டையில் சிந்தியது. பாதி உள்ளே போனது. அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே அக்கா எங்களை அடையாளம் கண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, “உந்தக் கோலத்திலை கொண்டு போகாதேங்கோ” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர் பார்த்தார். கையில் ஊசி ஏற்றி, சீனியைத் திரும்பச் சோதித்துவிட்டு, இன்றைக்கும் நாளைக்கும் வார்ட்டில் இருக்க வேண்டும் என்றார்.

“சீனி ஏறீட்டுது தானே பிள்ளை” என்றார் இவர். “வீட்டை கொண்டு போகலாமே?”

“ஏறினது திரும்பவும் இறங்கும் ஐயா. குளிசை இன்னும் உள்ளுக்கை நிக்குது. அம்மாவின்ரை கிட்னி கொஞ்சம் மெல்லத்தான் வேலை செய்யுது. வெளியிலை போகச் சுணங்கும்.”

அப்போது அவர், தன் வாயில் அதற்கு முன் நான் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

“எப்ப வெளியிலை போகும்?”

“அதைத்தான் குளிசை போட முதல் கேட்டிருக்க வேணும். சாப்பாடு இல்லாமல் உந்தக் குளிசையைப் போடச் சொன்னது ஆர்? எந்த டொக்டர்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலை வாசித்தேன்.

“முதலாம் வாரம்” என்றார்.

வைத்தியருக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்க அவருக்கு நேரமும் இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம், வார்ட்டுக்கு வெளியே சீமெந்து வாங்கில் இருந்துகொண்டு அவர் மகனுக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போடவில்லை. உன்ரை கார்ட்டாலை ஒண்டுக்குக் காசு கட்டு என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்று மகன் கேட்டிருக்க வேண்டும். “ஏதோ ஒண்டு. முழுக்கத் திறக்கிறதாப் பார்” என்றார். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய் அவர் அதைச் சொன்னபோது அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ராகுகாலத்திலையே தொடங்கினீங்கள்?”

“தொடங்கிறதுக்குத்தானே ராகுகாலம். நான் முடிக்கப் போறன்.”

அவருக்குப் பாடம் சொன்னவர் ரீசேர்ட்டோடு வந்த அதே மனிதர். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பின்னர் ஒருநாள் ஒத்துக்கொண்டார். மாதக்கணக்காகப் படித்தார். நாலாம் வாரத்தை இரண்டு தரம் படித்தார் என்று அக்கா சொன்னார். இந்த முறை குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கங்களும் நிரம்பின. சான்றிதழ் வந்தது. அக்கா அதைப் பிரின்ட் எடுப்பித்து, விறாந்தையில் மாட்டச் சொன்னார். அவர் மாட்டவில்லை. அறிவித்தலில் போடுவதைப்பற்றியும் பிறகு என்னிடம் கதைக்கவில்லை. நானாக ஒருமுறை எடுத்தபோது, “அதுக்கு அவசரம் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

படிப்பு முடிந்ததால் ஏற்பட்ட விளைவுகளை ஒழுங்கை உடனே கவனித்தது. சைக்கிளில் வந்து குளிசை கேட்டவரிடம், “உங்களுக்குக் கிட்னி எப்பிடி? வேறை என்ன மருந்து எடுக்கிறியள்? ரத்தம் கடைசியா எப்ப சோதிச்சது?” என்று கேட்டார். வந்தவருக்குச் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டியதாகப் போய்விட்டது. அவ்வளவுக்கும் பதில் சொன்ன பிறகு கிடைத்தது, “கிளினிக்கிலை கேளுங்கோ. எனக்குச் சரியாத் தெரியாது” என்பதுதான். இரண்டு மூன்று பேருக்கு இப்படி நடந்ததும் படலையில் கூட்டம் குறைந்தது.

“மனுசனுக்கு வயது போட்டுது” என்றார் கடைக்காரர். “முந்தி எவ்வளவு ஞாபகம். இப்ப ஒண்டும் தெரியேல்லை.” ஒழுங்கையின் முடக்கில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருதய நோய்கள்பற்றி இணையத்தில் ஏதோ தொடங்கியிருக்கிறார் என்றும், அவர் டக்கென்று சொல்கிறார் என்றும் தகவல் தந்தார். எத்தனையாம் வாரம் என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த சஷ்டிக்கு அக்கா விரதம் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பதிலாகக் கணவர் பிடித்தார். முறித்தது தான் என்பதால் போன வருடத்து மிச்சமும் தன் பொறுப்பு என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்திருந்தார். தனக்கு எந்தக் குளிசையும் இல்லை, வெளியே போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்கு விளக்கினார். முதல் நாள் பகிடி விட்டார். மூன்றாம் நாள் கதை குறைந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் நான் போனபோது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மேசையில் டப் இல்லை. அக்கா பக்கத்தில் இருந்து, அவருக்கு வாசம் போகாத பக்கமாகத் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னேரச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பது இப்போது அந்த வீட்டின் சட்டம்.

பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி படலையில் நின்று கூப்பிட்டாள். கையில் குளிசை சுற்றிய கடதாசிச் சரை. தாய்க்குப் புதிதாகப் பிரஷருக்கு எழுதியது, விரதத்தோடு போடலாமோ என்று கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். வாயும் கொஞ்சம் திறந்தது. பழைய வேகம் ஒருகணம் முகத்துக்கு வந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

“கொம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்குக் கிளினிக்குக்குப் போ பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் படலையைச் சாத்திக்கொண்டு போகும்போது, “டொக்டர் அண்ணை எண்டு சொன்னாங்கள்” என்று தனக்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அக்கா கடைசிப் பிடி புட்டையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவ எழும்பினார்.

“அது முந்தி, பிள்ளை” என்றார் படலைப் பக்கம் பார்த்து. “இப்ப இவர் படிச்சவர்.”